கைத்துப்பாக்கி வாங்கறதுக்கு முன்னாடி பெட்டிய முடிவு பண்ணுங்க

பக்கத்துத் தெருவுல ஒரு தெலுங்குக் குடும்பம், நவராத்திரி சமயம், சாயங்காலம் கோவிலுக்குப் போயிட்டு ஒன்பதரைக்கு வந்து பாத்தா பின்பக்க கண்ணாடிக் கதவு உடைஞ்சு கெடக்கு, மாடி அலமாரி பூரா கொட்டிக் கெடக்கு, கல்யாணத்துக்குப் போட்ட நகை ஒண்ணு கூட இல்ல. ஆள் யாரும் உள்ள இல்லாதது நல்லதாப் போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா எனக்கு அன்னிக்கி ராத்திரி தூக்கம் வரல. எங்க வீட்டுக்காரருக்கு கன்சல்டிங் வேலை, திங்கக்கெழம காலைல ஃப்ளைட் ஏறினா வியாழக்கிழம ராத்திரிதான் திரும்புவார், நடுவுல மூணு ராத்திரி நானும் பதினொரு வயசுப் பொண்ணும் நாலு வயசுப் பையனும்தான். அந்த வாரக் கடைசில நேராவே கேட்டேன், ஒரு ஹேண்ட்கன் வாங்கிடலாமான்னு. டாலஸுக்கு வடக்க இந்த வீட்ல பல வருஷமா இருக்கோம், அதுவரைக்கும் இந்தப் பேச்சே எங்க வீட்ல வந்ததில்ல.

முடிவுக்கு வர எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசத்துல எதை எதோட வச்சுப் பாத்தோம், எது சரிப்படல, ஏன் சரிப்படலன்னு எழுதறேன். நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப இத யோசிக்கிறாங்க, ஆனா வெளிய பேசத் தயங்குறாங்க. பயம் வெறும் கற்பனையும் இல்ல. 2011ல இருந்து 2014 வரைக்கும் டெக்சாஸ், ஜார்ஜியா, நியூயார்க், ஒஹாயோ, மிச்சிகன்னு அஞ்சு மாநிலத்துல இந்தியர், மத்த ஆசியக் குடும்பங்கள் வீட்டையே தேடித் தேடி துப்பாக்கியோட புகுந்து கொள்ளையடிச்ச ஒரு கும்பல் இருந்துச்சு, அத நடத்தின ஒரு பொம்பளைக்கு 2019ல 37 வருஷம் ஜெயில் குடுத்தாங்க. தங்கம் வீட்ல வச்சிருப்போம்னு நம்மளப் பத்தித் தெரிஞ்சு வச்சிருக்காங்க.

முதல்ல யார் வாங்கலாம்ங்கறது. இதுல நம்ம ஆளுங்க நிறைய பேர் தெரியாம தப்பு பண்றாங்க. சிட்டிசனும் கிரீன் கார்டு உள்ளவங்களும் வாங்கலாம், கடைல ஹேண்ட்கன் வாங்க 21 வயசு ஆகியிருக்கணும், 4473ங்கற ஃபார்ம் நிரப்பணும், எஃப்பிஐ நடத்துற பேக்ரவுண்ட் செக் ஓடும். டெக்சாஸ்ல இதுக்கு மேல பெர்மிட், வெயிட்டிங் பீரியட் எதுவும் கிடையாது, கலிஃபோர்னியான்னா 10 நாள் காத்திருக்கணும், தேர்வு எழுதி சர்டிஃபிகேட் வாங்கணும், மாநிலத்துக்கு மாநிலம் வேற. ஆனா வேலைக்கு வர்ற எச்1பி, அவங்க குடும்பத்துக்குத் தர்ற எச்4, படிக்க வர்ற எஃப்1, விசிட்டர் விசா, இதுல இருக்கறவங்க துப்பாக்கி வாங்குறது மட்டுமில்ல, கையில வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குத்தம். ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா வக்கீல்கிட்ட கேக்காம அத நம்பி இறங்காதீங்க. ஊர்ல இருந்து விசிட்டர் விசால வந்த மாமனார ஆசைக்கு ஒரு தடவ ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போய் சுட வைக்கிறது, நம்மள்ல எத்தனையோ பேர் பண்ணிருப்போம், அதுவும் இந்தச் சட்டத்துல வரும். ஒருத்தர் கிரீன் கார்டு, இன்னொருத்தர் இன்னும் எச்4ன்னா, துப்பாக்கியப் பூட்டி வைக்கற பெட்டியோட ரகசிய நம்பர, அதாவது கோட, எச்4ல இருக்கறவர்கிட்ட குடுக்கறதும் சிக்கல். கிரீன் கார்டு இருக்கறவங்களுக்கும் துப்பாக்கி சட்டத்துல ஒரு தண்டனை வந்துட்டா நாட்ட விட்டு அனுப்ப அதுவே போதும்னு இமிக்ரேஷன் சட்டத்துல தனியாவே இருக்கு. அப்புறம் வேற ஒருத்தருக்காக நம்ம பேர்ல வாங்கிக் குடுக்கறது, ஃபிரெண்டுதானேன்னு செஞ்சுடாதீங்க, ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டு பொய் சொன்ன மாதிரி ஆகும்.

வாங்கலாம்னு ஆனதும் வாங்கணுமாங்கற கேள்வி. இதுல நான் ரொம்ப நாள் நின்னுட்டேன். நான் பாத்த ஆராய்ச்சி எதுவும் எனக்குப் பிடிச்ச பதிலச் சொல்லல. கலிஃபோர்னியால கோடிக்கணக்கான பேரோட ரெக்கார்ட வச்சு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஹேண்ட்கன் வச்சிருக்கற ஆண்கள் துப்பாக்கியால தற்கொலை பண்ணிக்கிறது வச்சிருக்காத ஆண்கள விட கிட்டத்தட்ட 8 மடங்கு, பெண்கள்ல 35 மடங்கு. அதே குழு 2022ல இன்னொண்ணு போட்டாங்க, ஹேண்ட்கன் வச்சிருக்கறவரோட ஒரே வீட்ல இருக்கறவங்க கொலையாகிறது இரண்டு மடங்குக்கும் மேல, கணவன் மனைவி இல்ல துணையால வீட்லயே சுடப்பட்டுச் சாகிறது 7 மடங்கு, அதுல பெரும்பாலும் பொம்பளைங்க. அமெரிக்கால துப்பாக்கியால சாகிறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை. 2020ல இருந்து 1 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் உள்ளவங்க சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான், அதுக்கு முன்னாடி கார் விபத்து இருந்த இடம் அது. அதனால வீட்ல யாருக்காவது டிப்ரஷன் இருக்கு, குடி இருக்கு, கை நீட்டுற பழக்கம் இருக்கு, பதின்ம வயசுல ஒரு புள்ள ரூம அடைச்சுக்கிட்டே இருக்கு, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் என்ன மாடல்னு பேசவே வேணாம், வாங்காதீங்க. இத நான் ஒரு தங்கச்சிகிட்ட சொல்ற மாதிரிதான் சொல்றேன்.

துப்பாக்கி இல்லாம என்ன பண்ணலாம்னு பாத்ததுல நாலஞ்சு விஷயம் உடனே பண்ணிட்டோம், இதெல்லாம் பண்ணாம நேரா கன் கடைக்குப் போறது எனக்குச் சரியாப் படல. முன்கதவு ஃப்ரேம்ல பூட்டு நாக்கு போய் உக்கார்ற தகடு இருக்கு பாருங்க, அது முக்கால் இன்ச் ஸ்க்ரூலதான் நிக்கிது, அத 3 இன்ச் ஸ்க்ரூவா மாத்தினா பின்னாடி இருக்கற மரச்சட்டம் வரைக்கும் போய் பிடிக்கும், ஒரு உதைல கதவு தெறிக்காது, செலவு பத்து டாலர் கூட இல்ல. பின்பக்க கண்ணாடிக் கதவுக்கு செக்யூரிட்டி ஃபிலிம், அந்தக் கதவு நகர்ற தண்டவாளத்துல ஒரு கட்டை, அலாரம், கேமரா. நகைய வங்கி லாக்கருக்கு மாத்திட்டோம், லாக்கர் எல்லா பேங்க்லயும் இப்ப கிடைக்கறதில்ல, தேடணும். சாதாரண ஹோம் இன்ஷூரன்ஸ்ல நகை திருட்டுக்கு லிமிட் பெரும்பாலும் 1,500 டாலர்தான், ஒரு ஆரத்துக்குக் காணாது, நகைய பாலிசில தனியா பட்டியல் போட்டுச் சேக்கணும், ஷெட்யூல் பண்றதுன்னு சொல்வாங்க. நகை வீட்ல இல்லன்னு ஆனதும் எனக்கே பாதி பயம் போயிடுச்சு, ஒரு மாசம் இந்தப் பேச்சையே விட்டுட்டோம்.

ஆனா மீதிப் பாதி போகல. நடு ராத்திரில ஆள் உள்ள வந்து மாடிப்படி ஏறினா, போலீஸ் வர்ற வரைக்கும் அந்த சில நிமிஷம். அதுக்குத்தான் திரும்பவும் ஆரம்பிச்சோம்.

ஷாட்கன் வாங்குங்கன்னு எங்க வீட்டுக்காரரோட ஆஃபீஸ்ல ஒருத்தர், பிறந்து வளர்ந்ததே டெக்சாஸ், ரொம்ப சொன்னார். எனக்கு அது ஒத்துவரல, நீளம் ஜாஸ்தி, சுடும்போது பின்னாடி தள்ற உதை ஜாஸ்தி, ஒரு கையில பையனத் தூக்கிட்டு இன்னொரு கையில போன் பிடிக்க முடியாது, எல்லாத்துக்கும் மேல அத பூட்டி வச்சு சட்டுன்னு எடுக்கறதுக்கு ஏத்த சின்னப் பெட்டி கிடையாது. ஹேண்ட்கன்னா புத்தகம் சைஸ் பெட்டில அடங்கும். நான் ஹேண்ட்கன் பக்கம் சாஞ்சதே இதனாலதான், சுடறதுக்கு வசதிங்கறதால இல்ல. உண்மைல சரியா சுடறதுக்கு ஹேண்ட்கன்தான் கஷ்டமானது.

அடுத்தது, குண்டு உருளைல இருக்கற ரிவால்வரா, மேகசின்னு சொல்ற, குண்டு அடுக்கின கூட கைப்பிடிக்குள்ள சொருகற செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலா. கடைல பொம்பளைங்க போனா உடனே ஒரு குட்டி ரிவால்வர எடுத்து நீட்டுவாங்க, எனக்கும் அதான் நடந்துச்சு. ஸ்மித் அண்ட் வெசன் 642, பாயிண்ட் 38 ஸ்பெஷல், அஞ்சு குண்டு, அரைக்கிலோக்கும் கம்மி, உள்ளங்கைல அடங்குது. பாக்க நல்லாத்தான் இருக்கு. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுட்டுப் பாத்தேன், பத்து ரவுண்டுக்குள்ள கட்டைவிரல் இடுக்கு எரிய ஆரம்பிச்சுடுச்சு, ட்ரிகர் அவ்வளவு கனம், அத இழுத்து முடிக்கறதுக்குள்ள முனை ஆடிப் போயிடுது, ஏழு கஜ தூரத்துல பேப்பர்லயே குண்டு எங்கெங்கயோ. எடை கம்மியா இருந்தா கைக்கு சுலபம்னு நாம நெனைக்கிறோம், துப்பாக்கில அது தலைகீழ், எடை குறைய குறைய உதை கைக்கு வரும். அந்த சைஸ் ரிவால்வர் பழகினவங்க பாக்கெட்ல வச்சுக்கறதுக்கு, புதுசா கத்துக்கறவங்க கைக்கு இல்ல. அதே ரிவால்வர்ல பெரிசு, ரூகர் ஜிபி100 மாதிரி 4 இன்ச் குழாய், ஒரு கிலோவுக்கு மேல எடை, அதுல பாயிண்ட் 38 போட்டு சுட்டா அவ்வளவு சாந்தமா இருக்கு, ஆறு குண்டு, நான் அதுல நல்லாவே சுட்டேன்.

ரிவால்வர்ல எனக்குப் பிடிச்ச இன்னொரு விஷயம், உருளைய வெளிய தள்ளினா குண்டு இருக்கா இல்லையான்னு கண்ணுக்கு நேராத் தெரியும். பிஸ்டல்ல அப்படி இல்ல. இத கொஞ்சம் நின்னு படிங்க, மேகசின கழட்டினா பிஸ்டல் காலி ஆயிடாது, உள்ள சேம்பர்ல, அதாவது குழாய்க்குப் பின்னாடி சுடத் தயாரா குண்டு உக்கார்ற இடத்துல, ஒரு குண்டு இருக்கலாம், பெரும்பாலான மாடல்ல மேகசின் இல்லாட்டியும் ட்ரிகர் இழுத்தா அது வெடிக்கும். மேகசின எடுத்துட்டேன் காலிதான்னு நெனச்சு விளையாட்டுக்கு நீட்டி ஆள் செத்த கதை இந்த ஊர்ல திரும்பத் திரும்ப நடக்குது. மேகசின கழட்டணும், மேல நகர்ற இரும்புப் பகுதிய, ஸ்லைடுன்னு சொல்வாங்க, பின்னாடி இழுத்து நிறுத்தணும், கண்ணால பாக்கணும், விரல விட்டும் தொட்டுப் பாக்கணும், ஒவ்வொரு தடவையும், ஒரு நிமிஷம் முன்னாடிதான் பாத்தோம்னாலும்.

பிஸ்டல்ல எல்லாரும் சொல்றது க்ளாக் 19. 9 எம்எம், 15 குண்டு, விலை ஐநூறு அறுநூறு டாலர் பக்கம், எந்தக் கடைலயும் மேகசின் கிடைக்கும், ட்ரிகர் ரிவால்வர்ல பாதி கனம்தான், சுட்டா குண்டு நாம பாத்த இடத்துல போகுது. எங்க வீட்டுக்காரருக்கு முதல் நாளே பிடிச்சுப் போச்சு. எனக்கு ரெண்டு சிக்கல். ஒண்ணு, ஸ்லைட பின்னாடி இழுக்கறது எனக்கு ஒவ்வொரு தடவையும் போராட்டம். அதுக்கு ஒரு பழக்கம் இருக்கு, ஸ்லைட ஒரு கையால கெட்டியா பிடிச்சுக்கிட்டு துப்பாக்கிய இன்னொரு கையால முன்னாடி தள்ளணும், தேங்கா மூடிய பிரிக்கிற மாதிரி ரெண்டு கையும் எதிரெதிரா வேலை செய்யணும், அப்படி பண்ணா வருது, ஆனா தூக்கக் கலக்கத்துல, பயத்துல, வேர்த்த கையில வருமான்னு நம்பிக்கை இல்ல. ரெண்டாவது, அதுல தனியா சேஃப்டி பட்டன் கிடையாது, ட்ரிகர்லயே ஒரு சின்ன நாக்கு, அவ்வளவுதான். பழகின கைக்கு அது குறையில்ல, வீட்ல நாலு வயசுப் புள்ள இருக்கற எனக்கு அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

அப்புறம்தான் ரேஞ்சுல ஒரு பெண் பயிற்சியாளர், அறுபது வயசு இருக்கும் அவங்களுக்கு, விரல்ல ஆர்த்ரைட்டிஸ், ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்ட் ஈஸியக் காட்டினாங்க. ஸ்லைடு வெண்ணெய் மாதிரி வருது, மேகசின்ல குண்டு போடறதும் கட்டைவிரல் நோகாம போடலாம், பிடிக்கு பின்னாடி ஒரு சேஃப்டி இருக்கு, கை முழுசா இறுக்கிப் பிடிச்சாத்தான் சுடும். 9 எம்எம், 8 குண்டு. க்ளாக்ல 15 இதுல 8 தானேன்னு இவர் கேட்டார், நான் சொன்னேன், எட்டு குண்டையும் எங்க போகணுமோ அங்க போட எனக்கு முடியும், பதினஞ்ச வச்சு ஸ்லைடே இழுக்க முடியலன்னா என்ன பிரயோஜனம். அவர் மூணு ராத்திரி வீட்ல இருக்கறதில்ல, எடுக்கப்போறது நான், அதனால என் கைக்கு எதுன்னுதான் பாக்கணும். கணவர் கைக்குப் பிடிச்சத வாங்கி மனைவிகிட்ட குடுக்கறது நம்ம வீடுகள்ல ரொம்ப நடக்குது. தயவுசெஞ்சு ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து, குறைஞ்சது மூணு நாலு மாடலாவது, ஒவ்வொண்ணுலயும் ஒரு பாக்ஸ் குண்டு சுட்டுட்டு அப்புறம் காசக் குடுங்க.

குண்டு விஷயம் சுருக்கமா. ஊர்ல செங்கல் சுவர், இங்க மரச்சட்டத்துல ரெண்டு பக்கமும் ஜிப்சம் பலகை, நாம சுவர்னு நெனைக்கிறது ஆணி அடிச்சாலே அந்தப் பக்கம் வர்ற சமாச்சாரம். எந்த ஹேண்ட்கன் குண்டும் அதத் தாண்டி அடுத்த ரூமுக்குப் போகும். முனைல குழி இருக்கற ஹாலோ பாயிண்ட் குண்டு உடம்புல பட்டா பெரும்பாலும் விரிஞ்சு நின்னுடும், அதனால வீட்டுக்கு அதுதான், ரேஞ்சுல பழக சாதா குண்டு, ஆனா குறி தப்பினா ஹாலோ பாயிண்ட்டும் சுவரத் தாண்டும். எங்க பெட்ரூம் வாசல்ல இருந்து மாடிப்படியப் பாத்தா அந்த நேர்கோட்டுல பொண்ணு ரூம் சுவர். இத ஒரு நாள் பகல்ல ரெண்டு பேரும் நின்னு பாத்தோம், எனக்கு வயித்தப் பிசைஞ்சுடுச்சு. அன்னிக்கி எங்க திட்டமே மாறிப்போச்சு. சத்தம் கேட்டா நான் பையன் ரூமுக்கும் பொண்ணு ரூமுக்கும் போய் ரெண்டு பேரையும் எங்க ரூமுக்குக் கொண்டு வரணும், கதவ பூட்டணும், 911ல போலீஸ கூப்பிடணும், அப்புறம்தான் பெட்டி. வீடு பூரா தேடிக்கிட்டு துப்பாக்கியோட சுத்தற வேலையே இல்ல. டார்ச் ஒண்ணு தனியா, முகத்தப் பாக்காம ட்ரிகர்ல விரல் போகக் கூடாது, தண்ணி குடிக்க எழுந்த சொந்தப் புள்ளய திருடன்னு சுட்டவங்க இந்த நாட்டுல இருக்காங்க.

இப்ப பெட்டி. தலைப்புல போட்டது இதுக்காகத்தான். நாங்க துப்பாக்கி மாடல முடிவு பண்ணி ரெண்டு மாசம் கழிச்சுதான் வாங்கினோம், பெட்டி முடிவாகாததால.

ஒளிச்சு வச்சா போதும்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரே ஒரு கேள்வி, உங்க வீட்ல பீரோ சாவி எங்க இருந்துச்சுன்னு சின்ன வயசுல உங்களுக்குத் தெரியாதா? எங்கம்மா பட்டுப்புடவை மடிப்புக்குள்ள வச்சாங்க, அப்புறம் அரிசி டப்பால, அப்புறம் சாமி படத்துக்குப் பின்னாடி, எனக்கும் அண்ணனுக்கும் மூணு இடமும் தெரியும், தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. மேல் அலமாரி, மெத்தைக்கு அடி, ஷூ டப்பா, இதெல்லாம் பூட்டு இல்ல.

கடைல துப்பாக்கியோட கேபிள் பூட்டு சும்மாவே தருவாங்க, லைசென்ஸ் உள்ள டீலர் ஹேண்ட்கன் வித்தா ஏதாவது ஒரு பூட்டு கூட குடுத்தே ஆகணும்னு 2005 சட்டம். தொலைச்சுட்டா ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டத்துல பல போலீஸ் ஸ்டேஷன்ல இலவசமா கிடைக்கும். கேபிள துப்பாக்கி உள்ள விட்டு பூட்டினா குண்டு போடவே முடியாது, அதனால அது காலித் துப்பாக்கிக்கு அருமையான பூட்டு, பயணத்துக்கு, இல்ல ஆறு மாசம் எடுக்கவே போறதில்லன்னா. ராத்திரி அவசரத்துக்கு உதவாது. ட்ரிகர் லாக்னு ஒண்ணு இருக்கு, ட்ரிகர ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும், அத குண்டு போட்ட துப்பாக்கில மாட்டவே கூடாது, மாட்டும்போதே அழுத்தி வெடிக்கலாம். இத நான் பட்டியல்ல இருந்தே எடுத்துட்டேன்.

பெரிய இரும்பு சேஃப், ஆளுயரம், இருநூறு முந்நூறு கிலோ, திருடனுக்கு எதிரா அதுதான் பலம், பாஸ்போர்ட் பத்திரம் எல்லாம் வைக்கலாம். ஆனா அது கராஜ்ல இல்ல கீழ் க்ளோசெட்ல இருக்கும், நான் மாடில இருப்பேன். நாலஞ்சு துப்பாக்கி இருக்கறவங்களுக்கு அது வேணும், ஒண்ணே ஒண்ணு வாங்கற எங்களுக்கு படுக்கை பக்கத்துல இருக்கற சின்ன பெட்டிதான்.

சின்ன பெட்டில நாலு விதம். விரல் ரேகை, நம்பர் பேட், கார்டு இல்ல வளையம் காட்டினா திறக்கற ஆர்எஃப்ஐடி, பேட்டரியே இல்லாத மெக்கானிக்கல் பட்டன்.

விரல் ரேகைதான் எல்லாரும் முதல்ல கேக்கறது, எனக்கும் ஆசையா இருந்துச்சு. நம்ம ஊர் ரேஷன் கடை மெஷின்ல எங்க பாட்டி விரல் பதியாம எத்தனை தடவ திரும்பி வந்தாங்கன்னு நெனச்சுப் பாத்தேன். பாத்திரம் கழுவி ஊறின விரல், மருதாணி வச்ச விரல், லோஷன் போட்ட விரல், கடைல டெமோ பெட்டில என் விரல அஞ்சு தடவ வச்சா மூணு தடவதான் எடுத்துச்சு. அதவிடப் பெரிய பயம் வேற, 2023 அக்டோபர்ல ஒரு கம்பெனியோட விரல் ரேகை துப்பாக்கிப் பெட்டி ஏறக்குறைய 61,000ஐ அரசாங்கத்தோட நுகர்வோர் பாதுகாப்புக் கமிஷன் திரும்பப் பெற வச்சாங்க, ரேகை பதிவு பண்ணாத யார் விரல் வச்சாலும் திறந்துச்சு, ஒரு 12 வயசுப் பையன் செத்தான். பூட்டிட்டோம்னு நிம்மதியா இருந்திருப்பாங்க அந்த வீட்ல. விரல் ரேகை பெட்டி ஏற்கனவே வச்சிருந்தா, இன்னிக்கே வீட்ல உள்ள அத்தனை பேர் விரலையும், குழந்தைங்க விரலும் சேத்து, வச்சுப் பாருங்க, அதுக்கு முன்னாடி துப்பாக்கிய வெளிய எடுத்துடுங்க.

ஆர்எஃப்ஐடி வேகம் நல்லா இருக்கு, ஆனா அந்தக் கார்டும் வளையமும் திரும்பவும் பீரோ சாவி கதைதான், குளிக்கும்போது கழட்டி வாஷ் பேசின் மேல வைப்போம். நம்பர் பேட் பரவாயில்ல, இருட்டுல தடவி அழுத்தற மாதிரி மேடான பட்டனா இருக்கணும், கல்யாண நாள் பிறந்த நாள் நம்பர் போடக் கூடாது, பேட்டரி தீர்ந்தா எக்ஸ்ட்ரா சாவி எங்கங்கற கேள்வி வரும்.

நாங்க எடுத்தது மெக்கானிக்கல், அஞ்சு பட்டன், சிம்ப்ளெக்ஸ் பூட்டுன்னு சொல்வாங்க. பேட்டரி இல்ல, சத்தம் போடற எலக்ட்ரானிக்ஸ் இல்ல, பட்டன வரிசையா இல்ல ரெண்டு ரெண்டா சேத்து அழுத்தி திருகினா திறக்கும், கண்ண மூடிக்கிட்டு மூணு நாலு செகண்டுல திறக்கறேன். குறை என்னன்னா கோடு சேர்க்கையே ஆயிரத்துச் சொச்சம்தான், பொறுமையா ஒரு நாள் பூரா உக்காந்து அழுத்தற பதினஞ்சு வயசுப் பையன் திறந்துடுவான், தப்பா அழுத்தினா பூட்டிக்கற வசதியும் இதுல கிடையாது. எங்க வீட்ல இப்போதைக்கு நாலும் பதினொண்ணும். இன்னும் ரெண்டு வருஷத்துல பொண்ணு பதிமூணு ஆவா, அப்ப பெட்டிய மாத்தறதா, துப்பாக்கியவே வீட்ட விட்டு அனுப்பறதான்னு உக்காந்து பேசணும்னு காலண்டர்லயே போட்டு வச்சிருக்கோம். அந்த வயசு எனக்கு திருடன விட பயமா இருக்கு. துப்பாக்கியால தற்கொலைக்கு முயற்சி பண்றவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கறதில்ல, மத்த வழில முயற்சி பண்றவங்கள்ல பெரும்பாலானவங்க பிழைச்சுடறாங்க, அந்த ஒரு மணி நேர ஆத்திரம் தாண்டினா அப்புறம் வாழ்ந்துடறாங்க. வீட்ல யாருக்காவது மனசு சரியில்லாத காலம்னா துப்பாக்கிய கொஞ்ச நாள் வெளிய குடுத்து வைங்க, சில ரேஞ்சுலயும் கடைலயும் வாடகைக்கு வச்சுக்கறாங்க. தற்கொலைத் தடுப்பு நம்பர் 988 அழுத்தினா ராத்திரி பகல் எப்பவும் பேச ஆள் இருக்கு.

பெட்டிய எப்படி மாட்டறதுங்கறதுல நிறைய பேர் கோட்டை விடறாங்க. தூக்கிட்டுப் போற மாதிரி இருந்தா திருடன் பெட்டியோட எடுத்துட்டுப் போயிடுவான், வீட்ல போய் கடப்பாரைல திறப்பான். சின்ன தகரப் பெட்டியா இருந்தா அது கூட வேணாம், பூட்டு ஆராய்ச்சி பண்ற ஒருத்தர் 2012லயே மூணு வயசுப் பையன வச்சு, தூக்கிப் போட்டும் குலுக்கியும் பல துப்பாக்கிப் பெட்டி திறக்கறத காட்டினார். கனமான இரும்பா பாருங்க, கலிஃபோர்னியா அரசாங்கம் சோதிச்சு ஏத்துக்கிட்ட பூட்டு, பெட்டிகளோட பட்டியல் போடறாங்க, நீங்க எந்த மாநிலத்துல இருந்தாலும் அந்தப் பட்டியல்ல இருக்கான்னு பாத்து வாங்கலாம். எங்களோடத க்ளோசெட் அலமாரில, தோள் உயரத்துல, நாலு போல்ட் போட்டு மரச்சட்டத்தோட முடுக்கியாச்சு, இருநூத்தம்பது டாலர் பக்கம் ஆச்சு. கட்டில் பக்கத்து டேபிள்ல வைக்காததுக்குக் காரணம், தூக்கத்துல கை நீட்டி எடுக்கற தூரத்துல இருக்கக் கூடாது, எழுந்து நாலடி நடந்து முழிச்சுக்கிட்டு எடுக்கணும்.

குண்டு போட்டு வைக்கறதா காலியாவாங்கறதுல நானும் இவரும் ரொம்ப மல்லுக்கட்டினோம். குழந்தைங்க இருக்கற வீட்டுல துப்பாக்கிய பூட்டறது, காலியா வைக்கறது, குண்ட தனியா வைக்கறது, குண்டையும் பூட்டறது, இந்த நாலும் சேந்தா ஆபத்து குறையுதுன்னு 2005ல வந்த ஆராய்ச்சி சொல்லுது, குழந்தை மருத்துவருங்க சொல்றதும் அதான். இவர் குண்டு போட்டே வைக்கணும்னார். கடைசில, இவர் ஊர்ல இருக்கற நாள் காலித் துப்பாக்கி, மேகசின் வேற பூட்டுல. நான் தனியா இருக்கற மூணு ராத்திரி மட்டும், படுக்கும்போது மேகசின பெட்டிக்குள்ளயே கொண்டு வந்து வைக்கறேன், சேம்பர் காலியா, காலைல பல்லு விளக்கறதுக்கு முன்னாடி திரும்ப எடுத்துடறேன். டெக்சாஸ் சட்டமும் இதத் தொடுது, குண்டு போட்ட துப்பாக்கிய அஜாக்கிரதையா விட்டு அது 17 வயசுக்குக் கீழ உள்ள புள்ள கைக்குப் போயிட்டா குத்தம், சேம்பர்ல இல்லாம, துப்பாக்கில மாட்டின மேகசின்ல இருந்தாலும் அது குண்டு போட்டதுதான்.

நம்ம வீடுகளுக்குன்னே ஒரு ஆபத்து இருக்கு, கொலு, பொட்லக், பிறந்தநாள். முப்பது பேர் வருவாங்க, கோட்டும் ஹேண்ட்பேகும் மாஸ்டர் பெட்ரூம் கட்டில்ல குவியும், பெரியவங்க கீழ சுண்டல் சாப்பிட்டுக்கிட்டு இருக்க பத்துப் பன்னெண்டு புள்ளைங்க மாடில கண்ணாமூச்சி ஆடும், ஒளியறதுக்கு முதல் இடம் எங்க க்ளோசெட். அதனால விருந்தாளி வர்ற நாள் அந்தக் க்ளோசெட் கதவுக்குத் தனி சாவி, பெட்டில துப்பாக்கி கேபிள் போட்டு காலியா, மேகசின் கார் டிக்கில பூட்டி. மாமியார் மாமனார் ஆறு மாசம் வந்திருந்தப்ப விஷயத்த மறைக்கல, இங்க ஒண்ணு இருக்கு, கோடு உங்களுக்குத் தர மாட்டோம், சட்டம் அப்படின்னு நேராவே சொல்லிட்டோம். அத்தைக்கு முகம் வாடிப்போச்சு, வீட்ல இதெல்லாம் எதுக்கும்மான்னாங்க, நான் ஒண்ணும் வாதாடல.

பொண்ணுகிட்டயும் சொல்லிருக்கோம், எங்க வீட்ல மட்டுமில்ல எங்க பாத்தாலும் தொடாத, அந்த இடத்த விட்டு வந்துடு, பெரியவங்ககிட்ட சொல்லு. சொன்னா புள்ளைங்க கேட்டுடும்னு நான் நம்பல, அதனாலதான் பூட்டு. ஆனா அவ ஸ்லீப்ஓவருக்குப் போற வீட்ல என்ன இருக்குன்னு என் பூட்டுக்குத் தெரியாதே. போன மாசம் முதல் தடவையா அவ ஃபிரெண்டோட அம்மாவ கூப்பிட்டுக் கேட்டேன், வேர்க்கடலை அலர்ஜி பத்தி பேசிட்டு அப்படியே, உங்க வீட்ல கன் இருக்காங்க, எப்படி பூட்டி வச்சிருக்கீங்கன்னு. கேக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் போன கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவங்க கொஞ்சம் கூட தப்பா எடுத்துக்கல, ரெண்டு இருக்கு, இருங்கன்னு சொல்லிட்டு மாடிக்குப் போய் சேஃபோட போட்டோ எடுத்து அனுப்பினாங்க, அப்புறம் அவங்களே கேட்டாங்க, உங்க வீட்லன்னு. நானும் எங்க பெட்டியோட போட்டோவ அனுப்பினேன்.